கைது என்று படம் போட்டார்கள், அவர் எடுக்கவில்லை என்று ஒரு வரி போடவில்லை: எங்கே போய்க் கேட்பது?

பள்ளத்தூர்_பலகாரம்:

எல்லோருக்கும் வணக்கம். நான் பள்ளத்தூரில் பலகாரம் செய்து கொடுக்கிறேன். கல்யாணம், அறுபதாம் கல்யாணச் சாந்தி, முன்னோருக்குப் படைப்பு என்றால் மனகோலம், தேன்குழல், சீப்புச் சீடை, அதிரசம் எல்லாம் எங்கள் அடுப்பில்தான். என் வீட்டுக்காரர் பக்கத்துத் தெருவில் ஒரு பெரிய வீட்டுக்குக் காவல். முகப்பு ஒரு தெருவில், பின்கட்டு அடுத்த தெருவில் என்று இருக்கிற வீடு. பங்காளிகள் பல பேருக்குப் பாத்தியப்பட்டது. யாரும் ஊரில் இல்லை. சென்னை, பெங்களூரு என்று இருக்கிறார்கள், நல்லது பொல்லாததுக்கு வருவார்கள். என் மாமனார் காலத்திலிருந்து அந்தச் சாவிக்கொத்து எங்கள் வீட்டு ஆணியில்தான் தொங்குகிறது.

போன மாதம் படைப்புக்கு வந்தவர்கள் இரண்டாம் கட்டில் ஓர் அறையைத் திறந்தபோது வெள்ளிச் சாமான் கொஞ்சம், பழைய எனாமல் தூக்குகள், ஒரு ஜோடிக் குத்துவிளக்கு எல்லாம் இல்லை. பங்காளிகளில் ஒருவர் உடனே ஸ்டேஷனுக்குப் போய் மனு கொடுத்துவிட்டார். சாவி இவரிடம் இருப்பதால் இவரைக் கூட்டிக்கொண்டு போனார்கள். ராத்திரி முழுக்க அங்கேதான் உட்கார வைத்திருந்தார்கள்.

மறுநாள் காலையில் பேப்பரில் வந்துவிட்டது. 'காவல் காத்த வீட்டிலேயே கைவரிசை' என்று தலைப்பு. கீழே இவருடைய பெயர், வயது, தகப்பனார் பெயர், தெருப் பெயர். ஸ்டேஷன் பெஞ்சில் சட்டைப் பட்டன் போடாமல் குனிந்து உட்கார்ந்திருக்கிற மாதிரி ஒரு படம். 'கைது செய்யப்பட்டார்' என்று எழுதியிருந்தது. சத்தியமாகச் சொல்கிறேன், அவரைக் கைது செய்யவே இல்லை. எஃப்.ஐ.ஆர். கூடப் போடவில்லை.

அன்று சாயங்காலமே விஷயம் தெரிந்துவிட்டது. இன்னொரு பங்காளி வீட்டு ஆச்சி, போன தடவை வந்தபோது மெருகு போட வேண்டும் என்று அவற்றைச் சென்னைக்கு எடுத்துப் போயிருக்கிறார். யாரிடமும் சொல்லவில்லை. மனு கொடுத்தவர் ஸ்டேஷனுக்குப் போய் எழுதிக் கொடுத்தார், மனுவை முடித்துவைத்தார்கள். வீட்டுக்கே வந்து வருத்தப்பட்டார். சாவிக்கொத்தும் எங்கள் ஆணிக்கே திரும்பி வந்தது. அவர்கள் மேல் எனக்கு மனத்தாங்கல் இல்லை.

பேப்பர்க்காரரிடம்தான். அந்த நிருபருக்குப் போன் போட்டு, இவர் எடுக்கவில்லை என்று போடுங்கள் என்றேன். "விட்டதெல்லாம் செய்தி ஆகாதும்மா" என்றார். ஆபீசுக்குப் போட்டால் நிருபரிடமே பேசுங்கள் என்கிறார்கள். உள்ளூர் யூடியூப் சேனல் ஒன்று அதே படத்தைப் போட்டு, பாட்டெல்லாம் சேர்த்து வீடியோ விட்டிருக்கிறது. என் மகள் காலேஜ் குரூப்புக்கு அது போய், பிள்ளை சாப்பிடாமல் கிடந்தாள். அடுத்த முகூர்த்தத்துக்குச் சொல்லியிருந்த கல்யாண வீட்டில், "இந்தத் தடவை காரைக்குடியில் சொல்லிவிட்டோம்" என்றார்கள். ஏன் என்று நானும் கேட்கவில்லை, அவர்களும் சொல்லவில்லை.

எனக்குக் காசு வேண்டாம். எந்தப் பக்கத்தில் போட்டார்களோ அதே பக்கத்தில், அதே அளவில், 'இவர் எடுக்கவில்லை, கைது செய்யப்படவும் இல்லை' என்று வர வேண்டும். அதற்கு வழி இருக்கிறதா? வெளிநாட்டில் இப்படி இஷ்டத்துக்குப் போட முடியாது என்று என் கொழுந்தன் மகன் சொல்கிறான். அது நிஜமா? நிஜமென்றால் அங்கே யார் தட்டிக் கேட்கிறார்கள்?

தாலுகா_நிருபர்:

அக்கா, உங்கள் செய்தி நான் கொடுத்ததில்லை. நான் வேறு தாலுகா, வேறு பேப்பர். ஆனாலும் இது எப்படி நடந்திருக்கும் என்று எனக்குத் தெரியும்.

எங்களைப் போன்றவர்களுக்கு மாதச் சம்பளம் கிடையாது. வெளியான செய்திக்கு இவ்வளவு, படத்துக்கு இவ்வளவு என்றுதான் கணக்கு. ஒரு நாளைக்கு ஒரு விபத்து, ஒரு திருட்டு, ஒரு கோயில் விசேஷம் என்று அனுப்பிக்கொண்டே இருக்க வேண்டும். ஸ்டேஷனிலிருந்து வாட்ஸப் குரூப்பில் குறிப்பு வரும், படமும் கூடவே வரும். பெயர், வயது, தகப்பனார் பெயர், தெரு எல்லாம் அதிலேயே இருக்கும். குறிப்பில் 'சந்தேகத்தின்பேரில் விசாரணை' என்றுதான் பெரும்பாலும் எழுதியிருப்பார்கள். அது எங்கே 'கைது' ஆகிறது என்றால், சில சமயம் எங்கள் கையில், சில சமயம் ஆபீசில் செய்தியைத் திருத்தித் தலைப்பு வைக்கிற டெஸ்க்கில். இரண்டு மூன்று பேப்பருக்கும் அதே குறிப்புதான் போகிறது. நாம் விசாரித்துவிட்டு நாளைக்குக் கொடுப்போம் என்று நிறுத்தினால், "மற்ற பேப்பரில் வந்திருக்கிறதே, நம்மிடம் ஏன் இல்லை" என்று காலையில் முதல் போன் வரும்.

மனு முடிந்துவிட்டது என்று அதே குரூப்பில் எந்த ஸ்டேஷனும் போடுவதில்லை. எட்டு வருஷத்துக்கு மேலாக இதில் இருக்கிறேன், ஒரு தடவை கூடப் பார்த்ததில்லை. அதைக் கேட்டு வாங்குவது எங்கள் வேலை. அதில் எனக்கு மாற்றுக் கருத்தே இல்லை.

ஒன்றே ஒன்று கேட்டுக்கொள்கிறேன். வழக்கு, நோட்டீஸ் என்று போனால், பத்திரிகை அலுவலகம் அதை நிருபர் தலையில் கட்டிவிட்டுக் கையைக் கழுவிக்கொள்ளும். தலைப்பு வைத்தது நிருபர் இல்லை. யார் பொறுப்பு என்று சட்டத்தில் இருக்கிறதோ அவரைப் பிடியுங்கள்.

தேவகோட்டை_பிரிஸ்டல்:

அக்கா, நான் தேவகோட்டைப் பொண்ணு, இங்கே இங்கிலாந்தில் பிரிஸ்டலில் இருக்கிறேன். உங்கள் கொழுந்தன் மகன் சொல்வது பாதி சரி. இப்போது இங்கே அப்படிப் போடுவது கஷ்டம். ஆனால் சும்மா வந்துவிடவில்லை அந்த நிலைமை. இந்த ஊரிலேயே ஒருவரைப் பாடாய்ப் படுத்திய பிறகுதான் கொஞ்சமாவது மாறியது.

2010 டிசம்பரில் இங்கே ஓர் இளம்பெண் கொலையானார். அவர் குடியிருந்த வீட்டின் சொந்தக்காரர் கிறிஸ்டோபர் ஜெஃப்ரிஸ், ஓய்வுபெற்ற ஆங்கில ஆசிரியர். போலீஸ் அவரைக் கைது செய்து விசாரித்தது. உடனே பத்திரிகைகள் அவரை மென்று துப்பின. நீளமாக வெள்ளை முடி வைத்திருந்தார், தனியாக வாழ்ந்தார், பிள்ளைகளைக் கவிதை படிக்கச் சொன்னார் என்பதையெல்லாம் கொலைக்குச் சாட்சி மாதிரி எழுதினார்கள். கடைசியில் கொலை செய்தவன் அதே கட்டடத்தில் அடுத்த ஃபிளாட்டில் இருந்த ஆள். 2011 ஜூலையில் 8 பத்திரிகைகள் ஜெஃப்ரிஸிடம் நீதிமன்றத்தில் மன்னிப்புக் கேட்டு நஷ்டஈடு கொடுத்தன. அதே நாளில் நீதிமன்ற அவமதிப்புக்காக டெய்லி மிரருக்கு 50,000 பவுண்டு, சன் பத்திரிகைக்கு 18,000 பவுண்டு அபராதம். அந்த மனிதர் அதற்குள் முடியை வெட்டி, தோற்றத்தையே மாற்றிக்கொண்டு, சிநேகிதர்கள் வீடுகளில் மாறி மாறித் தங்கியிருந்தார். உங்கள் வீட்டுக்காரர் படத்தைப் பற்றி நீங்கள் எழுதியதைப் படித்ததும் எனக்கு அவர் முகம்தான் ஞாபகம் வந்தது.

பாடகர் கிளிஃப் ரிச்சர்ட் வீட்டில் 2014ல் போலீஸ் சோதனை போட்டபோது பிபிசி ஹெலிகாப்டர் வைத்து நேரலையாகக் காட்டியது. அவரைக் கைது செய்யவில்லை, குற்றம் சாட்டவும் இல்லை. 2018ல் உயர் நீதிமன்றம் அவருக்கு 2,10,000 பவுண்டு கொடுக்கச் சொன்னது. அப்புறம் 2022 பிப்ரவரியில் இங்குள்ள உச்ச நீதிமன்றம், புளூம்பெர்க் செய்தி நிறுவனம் சம்பந்தப்பட்ட வழக்கில், ஒருவர் மேல் விசாரணை நடக்கிறது என்ற தகவல் அவர் மேல் முறைப்படி குற்றம் சாட்டப்படும் வரை பொதுவாக அவருடைய அந்தரங்கம்தான் என்று தெளிவாகச் சொல்லிவிட்டது. அதனால் இப்போது '40 வயது ஆண் ஒருவர் கைது' என்பதோடு நிறுத்திக்கொள்கிறார்கள். பெயர் பெரும்பாலும் குற்றச்சாட்டு பதிவான பிறகுதான் வருகிறது.

ஆனால் பாருங்கள், கிளிஃப் ரிச்சர்டிடம் பணம் இருந்தது, வழக்குப் போட்டார். பலகாரம் சுடுகிறவர் இங்கே என்ன செய்வார்? அவருக்கு இப்சோ என்று ஓர் அமைப்பு இருக்கிறது. பத்திரிகைகளே சேர்ந்து 2014ல் ஆரம்பித்தது. செய்தி வந்த 4 மாதத்துக்குள் இலவசமாகப் புகார் கொடுக்கலாம். தப்பென்று தெரிந்தால் திருத்தம் போடச் சொல்லும், எந்த இடத்தில் போட வேண்டும் என்பதையும் சொல்லும். 2016ல் ராணி பிரெக்ஸிட்டை, அதாவது பிரிட்டன் ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டு விலகுவதை, ஆதரிக்கிறார் என்று சன் முதல் பக்கத்தில் போட்ட தலைப்பு தவறானது என்று தீர்ப்புச் சொல்லி, அந்தத் தீர்ப்பை உள்பக்கத்தில் போட வைத்து, முதல் பக்கத்திலும் குறிப்புக் கொடுக்க வைத்தது. 10 லட்சம் பவுண்டு வரை அபராதம் போடும் அதிகாரமும் காகிதத்தில் உண்டு. ஆனால் பத்திரிகைகளின் காசில் நடக்கிற அமைப்பு பத்திரிகையை எவ்வளவு கண்டிக்கும் என்று இங்கேயும் கேட்கத்தான் செய்கிறார்கள். கார்டியன், ஃபைனான்ஷியல் டைம்ஸ் அதில் சேரவே இல்லை.

மேசைப்பக்கம்:

தங்கச்சி, நான் ஒரு தமிழ் நாளிதழின் மதுரைப் பதிப்பில் ரொம்ப காலம் உள்ளூர்ப் பக்கம் பார்த்தவன். இப்போது காரைக்குடியில் இருக்கிறேன். உங்களுக்கு வழி இருக்கிறது. அதைச் சொல்கிறேன். அதற்கு முன்னால், "விட்டதெல்லாம் செய்தி ஆகாது" என்று உங்களிடம் சொன்னார்களே, அந்தப் பேச்சு எனக்குப் பொறுக்கவில்லை. பிடித்தது செய்தி என்றால் விட்டதும் செய்திதான். அதுவும் பெயரும் தெருவும் போட்ட பிறகு அது கடன். கொடுத்தே ஆக வேண்டும்.

உள்ளூர்ப் பக்கம் மூடுகிற நேரம் எப்படி இருக்கும் என்று வெளியில் இருப்பவர்களுக்குத் தெரியாது. பல தாலுகாவிலிருந்து செய்தி கொட்டிக்கொண்டே இருக்கும். விளம்பரம் போக மிச்சம் இருக்கிற இடத்தில் அதையெல்லாம் அடைக்க வேண்டும். 'விசாரணைக்கு அழைத்துச் செல்லப்பட்டார்' என்பது தலைப்பில் அடங்காது, 'கைது' அடங்கும். படம் இருந்தால் செய்தி மேலே ஏறும். சந்தேகம் வந்தால் ஸ்டேஷனுக்கு ஒரு போன், 'எஃப்.ஐ.ஆர். எண் என்ன' என்று ஒரே கேள்வி போதும். எண் இல்லையென்றால் பெயரை எடுத்துவிட வேண்டியதுதான். இரண்டு நிமிஷ வேலை இது. நல்ல டெஸ்க்குகளில் இதைச் செய்கிறார்கள். செய்யாததற்கு நேரமின்மை காரணம் என்று சொன்னால் நான் ஏற்கமாட்டேன். கேட்க ஆளில்லாத சாமானியன் என்பதுதான் காரணம். அதே இடத்தில் ஒரு நகைக்கடை முதலாளி பெயர் இருந்திருந்தால் நாலு போன் போட்டுச் சரிபார்த்திருப்பார்கள்.

மற்ற நாடுகளில் என்ன என்று கேட்டீர்கள். உங்களுக்கு வேண்டியது பணமில்லை, இடம். அதே பக்கம், அதே அளவு. இதைச் சட்டமாகவே எழுதி வைத்திருக்கிற நாடுகள் இருக்கின்றன. பிரான்சில் 1881ஆம் வருஷத்துப் பத்திரிகைச் சட்டம், பெயர் குறிப்பிடப்பட்ட எவருக்கும் பதில் சொல்லும் உரிமை கொடுக்கிறது. நாளிதழ் என்றால் 3 நாளைக்குள், அதே இடத்தில், அதே எழுத்தில் போட வேண்டும். ஜெர்மனியில் மாநிலப் பத்திரிகைச் சட்டங்கள் எல்லாவற்றிலும் இது உண்டு. மூலச் செய்தி வந்த அதே பகுதியில், அதே எழுத்தளவில் மறுப்பு வர வேண்டும். அங்கே சில வார இதழ்களின் அட்டையிலேயே மறுப்பு வந்ததற்குக் காரணம் இதுதான், அட்டையில் சொன்ன பொய்க்கு அட்டையில்தான் பதில். ஸ்வீடனில் 1916லேயே பத்திரிகைக் கவுன்சில் வந்துவிட்டது, உலகிலேயே பழையது. கண்டிக்கப்பட்ட பத்திரிகை அந்தத் தீர்ப்பைத் தானே வெளியிட்டு, கட்டணமும் கட்ட வேண்டும். சந்தேகத்தில் பிடிபட்டவரின் பெயரை அங்கே பத்திரிகைகள் சாதாரணமாகப் போடுவதே இல்லை. பொதுமக்கள் தெரிந்துகொண்டே ஆக வேண்டிய ஆள் என்றால்தான் போடுகிறார்கள்.

ஜப்பான் கதை இன்னும் கொடுமை. 1994 ஜூனில் மாட்சுமோட்டோ என்ற ஊரில் விஷவாயு பரவிப் பலர் செத்தார்கள். முதலில் தகவல் சொன்னவர் கோனோ யோஷியுகி என்பவர். அவர் மனைவியே அந்த வாயுவால் நினைவிழந்து கிடந்தார். வீட்டில் சில ரசாயனங்கள் இருந்தன என்று போலீஸ் இவரைச் சந்தேகிக்க, பத்திரிகைகளும் டிவியும் இவர்தான் என்கிற மாதிரியே மாதக்கணக்கில் எழுதின. அடுத்த வருஷம் மார்ச்சில் டோக்கியோ சுரங்க ரயிலில் அதே விஷவாயு வந்த பிறகுதான், செய்தது ஓம் ஷின்ரிக்கியோ என்ற மதக் கூட்டம் என்று வெளியானது. பத்திரிகைகள் மன்னிப்புக் கேட்டு அச்சிட்டன. அந்த அம்மா நினைவு திரும்பாமலே 2008ல் இறந்துபோனார். போலீஸ் சொன்னதை அப்படியே எடுத்து எழுதினோம் என்பது அங்கேயும் சொன்ன சமாதானம்தான். யாரும் அதை ஒரு பதிலாக எடுத்துக்கொள்ளவில்லை.

அமெரிக்காவில் சட்டம் பத்திரிகை பக்கம் சாய்ந்தது. ஆனால் அங்கே ஒரு நல்ல காரியம் நடந்திருக்கிறது. அசோசியேட்டட் பிரஸ் செய்தி நிறுவனம் 2021 ஜூனில், சின்னக் குற்றங்களில் பிடிபட்டவர் பெயரைப் போடமாட்டோம் என்று அறிவித்தது. காரணமாக அவர்கள் சொன்னது, அந்த வழக்கு எப்படி முடிந்தது என்று நாங்கள் திரும்பிப்போய் எழுதப்போவதில்லை என்பதுதான். அதை நம் எல்லா டெஸ்க்கிலும் எழுதி ஒட்டலாம். திரும்பிப் போய் எழுத உத்தேசமில்லை என்றால் பெயரைத் தொடாதே. பாஸ்டன் குளோப் நாளிதழ் அதே வருஷம், பழைய செய்திகளில் பெயர் வந்து இன்னமும் கஷ்டப்படுகிறவர்கள் விண்ணப்பித்தால் இணையத்தில் இருக்கிற செய்தியைப் பரிசீலித்துத் திருத்துகிறோம் என்று தனித் திட்டமே தொடங்கியது.

சரி, நம் ஊருக்கு வருவோம். நம்மிடம் இந்தியப் பத்திரிகைக் கவுன்சில் இருக்கிறது. முதலில் 1966ல் வந்தது, எமர்ஜென்சியில் கலைத்தார்கள், 1978ஆம் வருஷத்துச் சட்டப்படி மறுபடி வந்தது. எச்சரிக்கலாம், கண்டிக்கலாம், அவ்வளவுதான். அபராதம் போட முடியாது. அதனால் பல்லில்லாத அமைப்பு என்று எல்லோரும் தள்ளிவிடுகிறார்கள். நான் தள்ளமாட்டேன், உங்களைப் போன்றவருக்குக் காசில்லாமல் முதலில் திறக்கிற கதவு அதுதான். அந்தக் கவுன்சிலிலிருந்து கடிதம் வந்தால் ஆசிரியர் பதில் எழுதியே ஆக வேண்டும், நிருபரிடம் பேசுங்கள் என்று சொல்லித் தப்பிக்க முடியாது. தவறு தெரிந்தால் உடனே தகுந்த இடத்தில் திருத்தம் போட வேண்டும் என்று அவர்களுடைய நடத்தை நெறிகளிலேயே இருக்கிறது.

போகும் வழி இது. முதலில் ஆசிரியருக்கு எழுத வேண்டும். இதைச் செய்யாமல் நேராகக் கவுன்சிலுக்குப் போனால் திருப்பி அனுப்பிவிடுவார்கள். ஸ்பீடு போஸ்ட், கிடைத்ததற்கான அத்தாட்சியோடு. பதில் வரவில்லை, அல்லது திருப்தி இல்லை என்றால் கவுன்சிலுக்குப் புகார். நாளிதழ் என்றால் செய்தி வந்ததிலிருந்து 2 மாதத்துக்குள் போய்விட வேண்டும். போன மாதம் வந்தது என்கிறீர்கள், ஆகவே தள்ளிப் போடாதீர்கள். செய்தியின் மூலத்தாள், அதற்கு ஆங்கில மொழிபெயர்ப்பு, ஆசிரியருக்கு எழுதிய கடித நகல் எல்லாம் வைக்க வேண்டும். இது சம்பந்தமாக நீதிமன்றத்தில் எதுவும் நிலுவையில் இல்லை என்று ஓர் உறுதிமொழியும் கேட்பார்கள். வழக்குப் போட்டுவிட்டால் கவுன்சில் தொடாது, அதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

வழக்கு என்ற வழியும் மூடவில்லை. சிவில் அவதூறுக்கு 1 வருஷம் வரை நேரம் உண்டு. நீதிமன்ற வளாகத்தில் சட்டப் பணிகள் குழு இருக்கும், வருமானம் குறைவு என்றால் வழக்கறிஞரை இலவசமாகவே வைத்துக் கொடுப்பார்கள். நீதிமன்ற நடவடிக்கையை உள்ளபடி வெளியிட்டால் பத்திரிகைக்குச் சட்டப் பாதுகாப்பு உண்டு. நடக்காத கைதை நடந்ததாகப் போட்டதற்கு அந்தப் பாதுகாப்பு வராது.

யூடியூப்காரருக்கு வேறு வழி. 2021ஆம் வருஷத்துத் தகவல் தொழில்நுட்ப விதிகளின்படி யூடியூபுக்கு இந்தியாவில் குறைதீர்ப்பு அதிகாரி இருக்க வேண்டும், குறித்த நாளைக்குள் முடிவு சொல்ல வேண்டும். புகார் போடுவதற்கு முன்னால் வீடியோவை இறக்கி வைத்துக்கொள்ளுங்கள். அழித்துவிட்டு நாங்கள் போடவே இல்லை என்பார்கள்.

கோட்டையூரான்_சிங்கப்பூர்:

மேசைப்பக்கம் ஐயா சொன்னது எல்லாம் சரி. ஒரு பயம் மட்டும் சொல்ல வேண்டும். இதைப் படிக்கிறவர்கள் "அப்படியென்றால் அரசாங்கமே பத்திரிகையைக் கட்டுப்படுத்தட்டும்" என்று போய்விடக் கூடாது.

நான் இருக்கிற சிங்கப்பூரில் 2019ல் பொய்ச் செய்திச் சட்டம் ஒன்று வந்தது. எந்த அமைச்சரும் ஒரு பதிவைப் பொய் என்று சொல்லித் திருத்தக் குறிப்பைப் போட வைக்கலாம். ஏற்காதவர் முதலில் அந்த அமைச்சரிடமே முறையிட்டு, அப்புறம்தான் உயர் நீதிமன்றம் போக முடியும். திருத்தம் பளிச்சென்று வந்துவிடும், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் எது பொய் என்று முதலில் தீர்மானிக்கிறவர் அமைச்சர். பக்கத்தில் மலேசியாவில் 1984ஆம் வருஷத்து அச்சகச் சட்டப்படி பத்திரிகைக்கு உரிமம் வாங்க வேண்டும், 2012 வரை அதை வருஷா வருஷம் புதுப்பிக்க வேண்டியிருந்தது. உரிமம் போய்விடும் என்று பயந்துகொண்டே எழுதுகிறவன் யாரைத் தொடுவான்? அமைச்சரைத் தொடமாட்டான், காவல்காரரைத்தான் தொடுவான்.

நம் தமிழ்நாட்டிலேயே 1987ல் அட்டைப் படக் கேலிச்சித்திரத்துக்காக ஆனந்த விகடன் ஆசிரியர் பாலசுப்பிரமணியனுக்குச் சட்டமன்றம் 3 மாதச் சிறை விதித்தது. ஊரே எதிர்த்ததும் சில நாளில் விட்டார்கள். 1994ல் நக்கீரன் வழக்கில் உச்ச நீதிமன்றம் இரண்டு பக்கத்தையும் சேர்த்துச் சொன்னது. வெளிவருவதற்கு முன்பே அரசு தடுக்க முடியாது, அதே சமயம் தனி ஒருவரின் வாழ்க்கையை அவர் சம்மதமில்லாமல் எழுதினால் பத்திரிகை பதில் சொல்ல வேண்டும். எனக்கு அந்த இடம்தான் சரியென்று படுகிறது.

நம் பக்கத்துக்குப் பத்திரிகை புதிதில்லை. எங்கள் கோட்டையூர் ஏ.கே. செட்டியார் ரங்கூனில் தனவணிகன் நடத்தினார், ஊர் திரும்பிக் குமரி மலர் நடத்தினார். காரைக்குடியில் 1920லேயே பத்திரிகை அச்சாகியிருக்கிறது. பத்திரிகையை மதிக்கிற ஊர் என்பதால்தான் அதில் வந்ததை இன்னமும் நம்புகிறார்கள், கல்யாண வீட்டார் வேறு இடத்தில் சொல்கிறார்கள். அப்படி நம்புகிறவர்களிடம் தப்பாகச் சொன்னால் அது இரட்டைத் தப்பு.

இன்னொன்று, போலீசையும் விட்டுவிடாதீர்கள். ஸ்டேஷன் பெஞ்சில் எடுத்த படம் வெளியே எப்படிப் போனது? காவல்துறை பத்திரிகைகளுக்குத் தகவல் கொடுப்பதற்கு விதிமுறை வகுக்க வேண்டும் என்று 2023 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் உள்துறை அமைச்சகத்துக்குச் சொன்னது. அந்த உத்தரவைக் காட்டி எஸ்.பி. அலுவலகத்தில் ஒரு மனு கொடுங்கள்.

பள்ளத்தூர்_பலகாரம்:

எல்லோருக்கும் ரொம்ப நன்றி. ராத்திரி என் வீட்டுக்காரருக்கு எல்லாவற்றையும் படித்துக் காட்டினேன். ஜப்பான்காரர் கதையைக் கேட்டுவிட்டு, "அவரு பொண்டாட்டியே கெடந்துச்சாமா" என்று மட்டும் கேட்டார். இவ்வளவு நாள் வேண்டாம், விட்டுவிடு என்று சொல்லிக்கொண்டிருந்தவர், காலையில் எழுந்து கடிதம் எழுது என்கிறார்.

தாலுகா நிருபர் தம்பி, நிருபர் மேல் எதுவும் எழுதமாட்டேன். அவரும் பிள்ளைகுட்டிக்காரர்தான்.

கடிதம் எழுதிப் பார்த்தேன், மூன்று பக்கம் போய்விட்டது. எங்கள் கஷ்டமெல்லாம் அதில் வந்துவிட்டது. யார் பெயருக்கு அனுப்புவது என்றும் தெரியவில்லை. ஆபீசில் கேட்டால் ஆசிரியர் பெயர் சொல்லமாட்டேன் என்கிறார்கள்.

தாலுகா_நிருபர்:

அக்கா, மனு முடித்துவைத்ததற்கு ஸ்டேஷனில் நகல் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். மனு ரசீது எண்ணைச் சொன்னால் எடுத்துத் தருவார்கள், மனு கொடுத்தவர் கூட வந்தால் இன்னும் சுலபம். நகல் கைக்கு வந்ததும் எனக்கும் ஒன்று அனுப்புங்கள். என் பேப்பரில் அந்தச் செய்தி வரவில்லை என்றாலும், 'பொருட்கள் கிடைத்தன, காவலாளி மீது தவறில்லை' என்று நான் அனுப்பிப் பார்க்கிறேன். டெஸ்க் போடுமா என்று உறுதி சொல்ல முடியாது, அனுப்புவேன் என்பது உறுதி.

மேசைப்பக்கம்:

தங்கச்சி, மூன்று பக்கத்தை எடுத்து வையுங்கள், கவுன்சிலுக்கு எழுதும்போது உதவும். ஆசிரியருக்கு அரைப் பக்கம் போதும். நீளமாக இருந்தால் படிக்காமல் ஓரத்தில் வைத்துவிடுவார்கள். இப்படி எழுதுங்கள்:

'தங்கள் நாளிதழின் இன்ன தேதிப் பதிப்பில், இன்ன பக்கத்தில், இன்ன தலைப்பில் என் பெயர், படம், முகவரியோடு செய்தி வெளியானது. அதில் நான் கைது செய்யப்பட்டதாக உள்ளது. நான் கைது செய்யப்படவில்லை. என் மீது வழக்கு எதுவும் பதிவாகவில்லை. காணாமல் போனதாகச் சொல்லப்பட்ட பொருட்கள் வீட்டு உரிமையாளர்களில் ஒருவரிடமே இருந்தது தெரியவந்து, மனு அன்றே முடித்துவைக்கப்பட்டது. அதற்கான நகல் இத்துடன் உள்ளது. இந்த விவரங்களை அதே பக்கத்தில், அதே அளவில் வெளியிடவும், இணையப் பதிப்பில் உள்ள செய்தியையும் படத்தையும் நீக்கவும் கேட்டுக்கொள்கிறேன். கடிதம் கிடைத்த 7 நாளைக்குள் வெளியிடாவிட்டால் இந்தியப் பத்திரிகைக் கவுன்சிலில் முறையிடுவேன்.'

கையெழுத்து உங்கள் வீட்டுக்காரருடையதாக இருக்க வேண்டும், பெயர் வந்தது அவருடையது.

ஆசிரியர் பெயரை ஆபீசில் கேட்கவே வேண்டாம். பேப்பரின் கடைசிப் பக்கத்தை எடுத்து, அடியில் பாருங்கள். பொடி எழுத்தில் ஒரு வரி ஓடும், கண்ணாடி போட்டால்தான் தெரியும். அச்சிட்டு வெளியிடுபவர் யார், எந்த முகவரியில் அச்சானது, ஆசிரியர் யார் என்று இருக்கும். சில பேப்பரில் செய்திகளைத் தேர்ந்தெடுக்கும் பொறுப்பு இவருடையது என்றே போட்டிருப்பார்கள். தம்பி கேட்டாரே யார் பொறுப்பு என்று, அந்த வரியில் இருக்கிறவர்தான். ஒவ்வொரு நாளும் அதைப் போட வேண்டும் என்பது சட்டம். மதுரைப் பதிப்புக்கும் சென்னைப் பதிப்புக்கும் பெயர் மாறலாம், ஆகவே செய்தி வந்த அன்றைய பேப்பரில் பார்த்தே எழுதுங்கள். அந்தப் பேப்பரைக் கத்தரித்துவிட வேண்டாம், முழுத்தாளாக வையுங்கள். தேதியும் பக்க எண்ணும் தெரிய வேண்டும்.

ஆங்கில மொழிபெயர்ப்பு வேண்டியிருந்தால் நான் செய்து தருகிறேன். செய்தியைத் தெளிவாகப் படம் எடுத்து இங்கே போடாமல், தனிச் செய்தியில் அனுப்புங்கள். அவர் படம் இன்னொரு இடத்தில் சுற்ற வேண்டாம்.